டொரண்டோ ஏப்ரல் தோட்டம்: விக்டோரியா டே வரைக்கும் காத்திருக்காம என்னென்ன போடலாம், எப்படி போடலாம்

டொரண்டோ பக்கம் நம்மாளுங்களுக்கு தோட்டம்னாலே மே மாசம் விக்டோரியா டே லாங் வீக்கெண்ட் தான் ஆரம்பம். தக்காளி, மிளகா, கத்தரி, வெண்டை, பாகல் இதுக்கெல்லாம் அது ரொம்ப சரி, ஒரே ஒரு ராத்திரி ஃப்ராஸ்ட் (உறைபனி) விழுந்தாலும் காலைல கருகி தொங்கும். ஆனா பனி உருகி முடிஞ்சு மண்ணு கண்ணுல பட்டதுலேருந்து அந்த வீக்கெண்ட் வர்ற வரைக்கும் ஆறேழு வாரம் பாத்தி சும்மா கிடக்குதே, அதுல ஒரு முழு சாகுபடியே எடுக்கலாம்னு நிறைய பேருக்கு தோணுறதே இல்ல. முள்ளங்கி, ஸ்பினாச், பட்டாணி, லெட்டூஸ், கேல், நூக்கல், பீட்ரூட், கேரட், வெந்தயக்கீரை, கொத்தமல்லி, எல்லாமே குளிர்ல வளர்ற சாமான் தான். ஊர்ல இதுல பாதியை இங்கிலீஷ் காய்கறின்னு சொல்லி ஊட்டிலேருந்து லாரில இறக்குவாங்கல்ல, அந்த ஊட்டி குளிர் தான் இங்க ஏப்ரல் கடைசிலயும் மே மாசத்துலயும் ஓசில கிடைக்குது.

இதை "முடிஞ்சா சீக்கிரம் போடலாம்"னு எடுத்துக்காதீங்க. இதுல பல செடிக்கு சீக்கிரம் மட்டும் தான் வேலைக்கு ஆகும். ஸ்பினாச்சை எடுத்துக்கோங்க, அதுக்கு வெயில் ஒரு பிரச்சனைன்னா பகல் நீளம் அதை விட பெரிய பிரச்சனை, பகல் 14 மணி நேரத்தை தாண்டினா இலை விடறதை நிறுத்திட்டு பூக்க கிளம்பிடும். டொரண்டோல மே ஆரம்பத்துலயே பகல் 14 மணி நேரத்தை தொட்டுடும், ஜூன் கடைசில 15 மணி நேரத்துக்கும் மேல (சென்னைல வருஷம் முழுக்க பார்த்தாலும் 13 மணி நேரத்தை தாண்டாது, அதனால ஊர் அனுபவத்துல இது நமக்கு தெரிய வாய்ப்பே இல்ல). அப்போ தக்காளியோட சேர்த்து விக்டோரியா டே அன்னிக்கு ஸ்பினாச் போட்டா என்ன ஆகும், ரெண்டு தடவை பருப்புல போடறதுக்குள்ள தண்டு நீட்டி பூத்து கசந்துடும். "எங்க வீட்ல ஸ்பினாச் வரவே மாட்டேங்குது"ன்னு சொல்றவங்கள்ல முக்காவாசி பேர் கதை இதான்.

எப்போ ஆரம்பிக்கறது

தேதியை மட்டும் நம்பாதீங்க. ஏரிக்கரை ஓரமா இருக்கிறவங்களுக்கும் மார்க்கம், பிராம்ப்டன், மில்டன் பக்கம் உள்ள தள்ளி இருக்கிறவங்களுக்கும் ஒரு வாரம் பத்து நாள் வித்தியாசம் வரும், ஒரே வீட்லயே தெற்கு பார்த்த செவுத்தோரம் பனி மொதல்ல உருகும், வடக்கு பக்கம் வேலி நிழல்ல ஏப்ரல் நடுவுல கூட ஐஸ் கிடக்கும். பார்க்க வேண்டியது ரெண்டே விஷயம், மண்ணோட ஈரம், மண்ணோட சூடு.

ஈரத்துக்கு, ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து அமுக்குங்க. புட்டு மாவு பதம் தெரியும்ல, புடிச்சா புடிக்கணும் உதிர்த்தா உதிரணும், அந்த பதத்துல இருந்தா வேலை ஆரம்பிக்கலாம். களி மாதிரி ஒட்டிக்கிட்டு தண்ணி கசிஞ்சா கிட்டவே போகாதீங்க, மிதிக்கவும் செய்யாதீங்க. இங்க புது சப்டிவிஷன் வீடுகள்ல பெரும்பாலும் களிமண்ணு தான், அதுவும் வீடு கட்டும்போது மேல்மண்ணை வழிச்சு எடுத்துட்டு மேல லேசா ஒரு அடுக்கு போட்டு புல் விரிச்சு குடுத்திருப்பாங்க. அந்த களிமண்ணை ஈரத்துல கொத்தினா காஞ்சதும் செங்கல்லு கட்டி தான், அந்த சீசன் பூரா கேரட்டுக்கு கால் நீட்ட இடமிருக்காது.

சூட்டுக்கு ஒரு தெர்மாமீட்டர் போதும், கறி வேகுதான்னு பார்க்கிற கிச்சன் தெர்மாமீட்டரே ஓகே. காலைல ஒரு 5 செ.மீ. ஆழத்துல குத்தி ரெண்டு மூணு நாள் தொடர்ந்து பாருங்க. 5 டிகிரி வந்துட்டா ஸ்பினாச், பட்டாணி, முள்ளங்கி, லெட்டூஸ், கேல் விதைக்கலாம். பீட்ரூட், கேரட், வெந்தயம், கொத்தமல்லிக்கு 8, 10 டிகிரி வரைக்கும் பொறுங்க, முன்னாடியே போட்டாலும் முளைக்கும், ஆனா வாரக்கணக்கா இழுக்கும், அதுக்குள்ள பாதி விதை அழுகிடும். தெர்மாமீட்டர் எல்லாம் வேணாம்னா தெருவுல ஃபோர்சித்தியா புதர் மஞ்சளா பூக்க ஆரம்பிக்குதான்னு பாருங்க, இங்கத்த பழைய தோட்டக்காரங்க பட்டாணி போடறதுக்கு அதைத்தான் அடையாளமா வச்சிருக்காங்க, பெரிசா தப்பாது.

அவசரக்காரங்களுக்கு ஒரு வழி இருக்கு. மார்ச் கடைசிலயே பாத்தி மேல கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு ஓரத்துல கல்லு வச்சிருங்க, மழைத்தண்ணியும் இறங்காது மண்ணும் சீக்கிரம் சூடாகும். ரெய்ஸ்டு பெட், அதாவது பலகை அடிச்சு தரைக்கு மேல உயர்த்தின பாத்தி, இருந்தா இன்னும் வசதி, தண்ணி வடிஞ்சு தரைப்பாத்தியை விட முன்னாடியே தயாராகிடும். களிமண்ணு வீட்டுக்காரங்க காசு செலவு பண்றதா இருந்தா மொதல்ல அதுல பண்ணுங்க, உரம் விதை எல்லாம் அப்புறம்.

பாத்தி தயார் பண்றது

ரொம்ப ஆழமா தோண்டி புரட்ட வேண்டியதில்ல. ஃபோர்க் வச்சு ஒரு 15, 20 செ.மீ. லேசா நெகிழ்த்தி விட்டு, போன வருஷ வேர் குப்பை எடுத்துட்டு, மேல ரெண்டு மூணு செ.மீ. கம்போஸ்ட் பரப்பி ரேக்கால இழுத்து விட்டா முடிஞ்சது. நிறைய நகராட்சிகள்ல வசந்த காலத்துல வீட்டுக்காரங்களுக்கு கம்போஸ்ட் இலவசமா தர்ற நாள் வச்சிருப்பாங்க, உங்க சிட்டி வெப்சைட்ல பார்த்துட்டு வாளி எடுத்துட்டு போங்க. குளிர்ந்த மண்ணுல கம்போஸ்ட்ல இருக்கிற நைட்ரஜன் சீக்கிரம் செடிக்கு கிடைக்காது, அதை உடைச்சு குடுக்கிற கிருமிங்க இன்னும் முழுசா முழிச்சிருக்காதுங்க. அதனால ஏப்ரல்ல கீரை வெளிறி மஞ்சளா நின்னா பயப்படாதீங்க, தண்ணில கலக்குற மீன் உரம் கொஞ்சம் ஊத்தினா பத்து நாள்ல பச்சை ஏறும். ஒண்ணே ஒண்ணு, அந்த வாடைக்கு ராத்திரி ரக்கூன் வந்து நோண்டும், அதனால சாயங்காலம் ஊத்தாம காலைல ஊத்துங்க. முள்ளங்கிக்கும் பட்டாணிக்கும் இது வேணவே வேணாம், நைட்ரஜன் ஜாஸ்தியானா முள்ளங்கி மேல காடு மாதிரி இலை விட்டுட்டு அடில விரல் மொத்தம் கூட இருக்காது.

எதை எப்படி போடறது

மொத தடவை பண்றவங்க எல்லாத்தையும் போட்டு அல்லாட வேணாம், முள்ளங்கி, ஸ்பினாச், பட்டாணி மூணை மட்டும் எடுத்துக்கோங்க.

*பட்டாணி.* குழந்தைங்க இருக்கிற வீட்ல கண்டிப்பா போடுங்க, செடிலேருந்து சமையல்கட்டுக்கு வந்தே சேராது. தோலோட திங்கிற ஸ்னாப் பட்டாணி தான் என் ஓட்டு, உரிச்சு எடுக்கிற ரகம் ஒரு குருமாவுக்கு தேறணும்னாலே ஏகப்பட்ட செடி வேணும், அதுக்கு ஃப்ரோசன் பாக்கெட்டே வாங்கிடலாம். 'ஷுகர் ஆன்' குட்டையா ரெண்டு அடில நின்னுடும், 'ஷுகர் ஸ்னாப்' ஆறடிக்கு ஏறும், பந்தல் கண்டிப்பா வேணும். 2.5 செ.மீ. ஆழம், விதைக்கு விதை 5 செ.மீ., பந்தலோட ரெண்டு பக்கமும் ரெண்டு வரிசை. விதைக்கிற அன்னிக்கே பந்தலை நட்டுடுங்க, அப்புறம் குத்தினா வேர் போயிடும். குளிர்ந்த மண்ணுல பட்டாணி அழுகறது சகஜம், அதனால ஈர டிஷ்யூ பேப்பர்ல சுத்தி வீட்டுக்குள்ள வச்சு வேர் முனை எட்டிப் பார்த்ததும் கொண்டு போய் நடுங்க, பயறு முளைகட்டத் தெரிஞ்ச நமக்கு இதெல்லாம் ஒரு வேலையா. முன்ன பின்ன பட்டாணி பீன்ஸ் போடாத இடம்னா வேர்முடிச்சு பாக்டீரியா பவுடர், கடைல இனாகுலன்ட்னு கேட்டா குடுப்பாங்க, அதுல விதையை புரட்டி போடுங்க. ஏப்ரல் நடுவுல போட்டா ஜூன் பின்பாதில காய்க்கும், வெயில் 27, 28 டிகிரியை தாண்டி நின்னுச்சுன்னா பூ கொட்டிடும், ஜூலைல கதை முடிஞ்சது.

*ஸ்பினாச்.* 1 செ.மீ. ஆழத்துல, 3 செ.மீ.க்கு ஒண்ணா வரிசையா போடுங்க. முளைச்சதும் கலைச்சு விட்டு செடிக்கு செடி 10 செ.மீ. வர்ற மாதிரி வச்சுக்கோங்க, கலைச்சதை அப்படியே பருப்புல போட்டுடலாம். 'ப்ளூம்ஸ்டேல் லாங் ஸ்டாண்டிங்' பழைய ரகம், சுருக்கு சுருக்கா தடிச்ச இலை, ருசி நல்லாருக்கும். நாத்து குளிருக்கு கெட்டி, மைனஸ் 5 வரைக்கும் தாங்கும், மேல பனி கொட்டினாலும் ஒண்ணும் ஆகாது, பனி ஒரு போர்வை தான் அதுக்கு.

*முள்ளங்கி.* இங்க ஏப்ரல்ல போடறது சாம்பார்ல போடற நீள வெள்ளை முள்ளங்கி இல்ல, சின்ன சிவப்பு உருண்டை, 'செர்ரி பெல்' மாதிரி. நீள வெள்ளையை வசந்தத்துல போட்டா பெரும்பாலும் கிழங்கு இறங்கறதுக்குள்ள பூத்துடும், அதை ஆகஸ்ட்ல போடணும். சிவப்பு உருண்டை வெயில் வந்துட்டா 25, 30 நாள்ல கைக்கு வரும், ஏப்ரல் குளிர்ல இன்னும் ஒண்ணு ரெண்டு வாரம் சேர்த்துக்கோங்க. 1 செ.மீ. ஆழம், கலைச்சப்புறம் 4 செ.மீ. இடைவெளி. கலைக்க மனசு வராதவங்களுக்கு முள்ளங்கி வராது, அவ்ளோதான், நெருக்கமா விட்டா ஒண்ணுமே பருக்காது. பாக்கெட்டை ஒரே நாள்ல கொட்டாம பத்து நாளைக்கு ஒரு வரிசையா மே நடு வரைக்கும் போட்டுட்டே வாங்க. இலையை தூக்கி போடாதீங்க, பாசிப்பருப்பு போட்டு கூட்டு வச்சா அருமையா இருக்கும்.

*லெட்டூஸ்.* விதைக்கு வெளிச்சம் வேணும், அதனால மண்ணு மேல தூவி லேசா அமுக்கி விட்டா போதும், புதைச்சீங்கன்னா முளைக்காது. கொண்டை கட்டற ரகத்தை விட்டுட்டு 'பிளாக் சீடட் சிம்ப்சன்' மாதிரி விரிஞ்சு வளர்றதை எடுங்க, கத்தரிச்சு எடுத்தா மறுபடி துளிர்க்கும்.

*கேரட்டும் பீட்ரூட்டும்.* கேரட்ல கஷ்டமே முளைக்கிற வரைக்கும் தான், ரெண்டு மூணு வாரம் இழுக்கும், அதுவரைக்கும் மேல்மண்ணு ஒரு நாள் கூட காயக்கூடாது. அரை செ.மீ. ஆழத்துல விதைச்சு தண்ணி ஊத்தி மேல ஒரு பலகையை போட்டு மூடிடுங்க, ஒரு வாரம் போனதும் தினம் தூக்கிப் பாருங்க, மொத முளை தெரிஞ்ச அன்னிக்கே பலகையை எடுத்துடணும். களிமண்ணுக்கு நீள ரகம் வேணாம், 'சான்டனே' மாதிரி குட்டை குண்டு ரகம் போடுங்க. பீட்ரூட்ல ஒரு விதைன்னு நாம பார்க்கிறதே ரெண்டு மூணு விதை சேர்ந்த கொத்து, அதனால ஒரு இடத்துல மூணு முளை வந்தா ஒண்ணை வச்சுட்டு மத்ததை கிள்ளிடுங்க.

*நூக்கலும் கேலும்.* நூக்கல் இங்க கடைல கோல்ராபிங்கிற பேர்ல இருக்கும், விலையும் இருக்கும். மார்ச் கடைசில வீட்டுக்குள்ள லைட்டுக்கு கீழ நாத்து போட்டு நாலஞ்சு வாரம் கழிச்சு வெளில நடலாம், செடிக்கு செடி 15 செ.மீ., நட்டு ரெண்டு மாசத்துக்குள்ள காய் டென்னிஸ் பந்து அளவு வந்ததும் அறுத்துடணும், பெரிசாகட்டும்னு விட்டா நார் ஏறிடும். பெரிய நாத்தா ரொம்ப சீக்கிரம் வெளில வச்சு வாரக்கணக்கா 10 டிகிரிக்கு கீழ கிடந்தா குளிர்காலம் முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சு பூத்துடும், அதனால சின்ன நாத்தா ஏப்ரல் கடைசில வைங்க. கேல் அந்த தொல்லை எல்லாம் குடுக்காது, ஏப்ரல்ல நட்டா நவம்பர் பனி வரைக்கும் இலை பறிக்கலாம். தேங்காய் போட்டு பொரியல், யாழ்ப்பாணத்து வீடுகள்ல வறை, ரெண்டுக்கும் முருங்கை இலை இல்லாத குறையை இது ஓரளவு தீர்க்கும்.

*கொத்தமல்லி, வெந்தயக்கீரை, வெங்காயத்தாள்.* மளிகைக்கடை வெந்தயமே முளைக்கும், தாராளமா தூவுங்க, ஒரு மாசத்துல கிள்ளலாம். கொத்தமல்லிக்கு கடை தனியாவை ரெண்டா உடைச்சு போட்டாலும் முளைக்கும், ஆனா அது விதைக்காக வளர்க்கிற ரகம், ஜூன்ல விறுவிறுன்னு பூத்துடும், 'கலிப்சோ' மாதிரி மெதுவா பூக்கிற ரகம் வாங்கினா கூட ரெண்டு மூணு வாரம் இலை கிடைக்கும். வீட்ல சின்ன வெங்காயம் முளை விட்டு கிடந்தா தூக்கி போடாம ஓரத்துல நட்டு விடுங்க, தாள் வரும்.

விதை வாங்க ஒன்டாரியோலயே வில்லியம் டாம், ஓ.எஸ்.சி.ன்னு விதை கம்பெனிங்க இருக்கு, பிப்ரவரி மார்ச்ல ஊருக்கு ஊரு சீடி சாட்டர்டேன்னு விதை மாத்திக்கிற நாள் நடக்கும், அங்க போனா சல்லிசா முடிஞ்சிடும்.

வீட்டுக்குள்ள நாத்து விடறவங்களுக்கு

ஜன்னல் வெளிச்சம் போதாது, மார்ச்ல ஜன்னலோரம் வச்ச நாத்து எல்லாம் கொக்கு கால் மாதிரி நீளும். சாதா எல்.இ.டி. ஷாப் லைட்டை நாத்துக்கு பத்து செ.மீ. மேல தொங்க விட்டு ஒரு நாளைக்கு 14, 16 மணி நேரம் போடுங்க. வெளில நடறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பத்து நாள் தினம் கொஞ்சம் கொஞ்சமா வெளில வச்சு காத்துக்கும் வெயிலுக்கும் பழக்கணும், இதை தாண்டி குதிச்சா ரெண்டே நாள்ல இலை வெளுத்து சரிஞ்சிடும்.

லைட்டெல்லாம் எதுக்குன்னு நினைச்சா, மார்ச்லயே மூடி போட்ட டப்பால மண்ணு போட்டு விதைச்சு வெளிலயே பனில வச்சிடற முறை ஒண்ணு இருக்கு, லெட்டூஸுக்கும் கேலுக்கும் அருமையா வேலை செய்யும். அமெரிக்கா வீடியோல எல்லாம் பால் ஜக்குல பண்ண சொல்லுவாங்க, நமக்கு ஒன்டாரியோல பால் பைல வருது, என்ன பண்றது, சாலட் வர்ற மூடி வச்ச பிளாஸ்டிக் டப்பா எடுத்துக்கோங்க, அடிலயும் மேலயும் ஓட்டை போட மறக்காதீங்க.

ஃப்ராஸ்ட் ராத்திரி

வானம் தெளிவா காத்தே இல்லாம இருக்கிற ராத்திரி தான் ஆபத்து, மேகமா இருந்தா அவ்ளோ பயமில்ல. மைனஸ் 1, 2 எல்லாம் மேல சொன்ன செடி எதுக்கும் பெரிசில்ல. மைனஸ் 4க்கு கீழ போகும்னு சொன்னா லெட்டூஸ், பட்டாணி, புதுசா நட்ட நூக்கல் மேல ரோ கவர் போடுங்க, கொசுவலையை விட மெல்லிசா வெள்ளை துணி மாதிரி இருக்கும், ரெண்டு மூணு டிகிரி காப்பாத்தும், வெளிச்சமும் மழையும் உள்ள இறங்கும். பழைய பெட்ஷீட்டும் ஓகே தான், ஆனா காலைல எடுத்துடணும். இலை மேல படாம வளைச்ச கம்பி மேல போர்த்துங்க. பிளாஸ்டிக் மட்டும் பகல்ல மூடி வைக்காதீங்க, ஏப்ரல் வெயிலுக்கே உள்ள வெந்துடும்.

பூச்சி, அணில், முயல்

ரோ கவரை ஃப்ராஸ்டுக்கு மட்டும்னு நினைக்காதீங்க, அதோட பெரிய வேலையே இங்க தான். முள்ளங்கி இலைல ஊசில குத்தின மாதிரி ஓட்டை ஓட்டையா வந்தா அது குதிக்கிற குட்டி கருப்பு வண்டு, முள்ளங்கியை வெட்டிப் பார்த்தா உள்ள பழுப்பு கோடும் வெள்ளை புழுவும் இருந்தா அது ஒரு ஈயோட வேலை, மண்ணுல தண்டோரம் முட்டை வச்சிட்டு போயிருக்கும். ரெண்டுக்கும் மருந்து தேடி அலையாதீங்க, விதைச்ச அன்னிக்கே கவர் போட்டு ஓரம் பூரா மண்ணை அணைச்சுடுங்க, போன வருஷம் முட்டைக்கோஸ், கேல், முள்ளங்கி இருந்த அதே இடத்துல திரும்ப போடாதீங்க, அங்க அது மண்ணுக்குள்ளயே தூங்கிட்டு இருந்து கவருக்குள்ளயே கிளம்பும். ஸ்பினாச், பீட்ரூட் இலை அடில வெள்ளையா வரிசை கட்டி குட்டி முட்டை தெரிஞ்சா விரலால நசுக்கிடுங்க, விட்டா இலைக்குள்ள சுரங்கம் தோண்டும்.

அணில் விதையை தேடி வருதுன்னு சொல்ல முடியாது, புதுசா கிளறின மண்ணு கண்டாலே அதுக்கு கை அரிக்கும். முளைக்கிற வரைக்கும் பாத்தி மேல கோழி வலையை படுக்க வச்சிடுங்க. முயலுக்கு சுத்தி ரெண்டடி வலை, அடி ஓரத்தை மண்ணுக்குள்ள கொஞ்சம் புதைச்சு கட்டுங்க. மிளகாத்தூள் தூவறது ஒரு மழைக்கு தாங்காது.

தண்ணி, அறுவடை, அடுத்தது

ஏப்ரல்ல மழையே பெரும்பாலும் போதும், விதை முளைக்கிற வரைக்கும் மேல்மண்ணு காயாம பார்த்துக்கிட்டா சரி. மே பாதிக்கு மேல விரலை விட்டுப் பார்த்து ரெண்டு இஞ்சுக்கு காஞ்சிருந்தா நல்லா ஊறற மாதிரி ஊத்துங்க, ஒரு நாள் காய விட்டு ஒரு நாள் கொட்டினா முள்ளங்கி வெடிக்கும். மூடாக்கு வசந்தத்துலயே போட்டுடாதீங்க, மண்ணு சூடாகாது, ஜூன்ல வைக்கோல் போடுங்க.

பறிக்கிறதுல தயவு பார்க்காதீங்க. முள்ளங்கி மண்ணுக்கு மேல தோள் தெரிஞ்ச வாரமே பிடுங்கணும், விட்டா உள்ள பஞ்சு. ஸ்பினாச்சும் கேலும் வெளி இலையா எடுத்துட்டு குருத்தை விடுங்க, நடுவுல தண்டு உயர ஆரம்பிச்சா ஸ்பினாச்சை வேரோட எடுத்து கடைஞ்சிடுங்க, கிள்ளி விட்டா திரும்பும்னு எதிர்பார்க்கிறது வீண். பட்டாணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா பறிச்சா தான் மேல மேல காய்க்கும்.

விக்டோரியா டே வரும்போது மொத முள்ளங்கி காலியாகி இருக்கும், அந்த இடத்துல தக்காளி. ஜூன் மொத வாரம் பட்டாணி பந்தல் அடிலயே பாகல், புடலை நாத்தை வச்சிடுங்க, பட்டாணி காஞ்சு வர்றதுக்கும் பாகல் கொடி ஏறறதுக்கும் சரியா இருக்கும், பட்டாணியை பிடுங்காம தரையோட அறுத்து வேரை மண்ணுலயே விடுங்க. மிச்ச ஸ்பினாச் விதை பாக்கெட்டை மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க, செப்டம்பர் நடுவுல மறுபடி விதைச்சு நவம்பர்ல மேல ரோ கவரும் காஞ்ச இலையும் போட்டு விட்டா பனிக்கு அடில தூங்கிட்டு, மத்தவங்க விதைக்கிற ஏப்ரல்ல நீங்க பறிச்சிட்டு இருப்பீங்க.